கட்டைவிரல் கணக்கு

விண்ணப்பத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
தேவையை விவரிக்கவும்,
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்கு மிகாமல்.
இடைவெளிகளும் எழுத்தாகவே கணக்கிடப்படும்.

இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.
டோப்ரி க்ரீக்கிலிருந்து
ரசாயன விபத்துக்குப் பழகிய அடுத்த குழுவுக்கு
நூற்றுப் பத்து மைல்.
அதுவும் பனி விழாத நாளில்.

நெப்ராஸ்காவில் இப்படி ஓர் ஊர்.
தீயணைப்பு நிலையத்தில் சம்பளக்காரர் யாருமில்லை.
பதினோரு பேர் இருக்கிறோம்.
ட்ரென்ட் வொசிகா மாட்டு வைத்தியன்.
மரிசெலா இஷ்கோய்க்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்.
லோவெல் க்ராச் பள்ளிப் பேருந்து ஓட்டினான்.
நான் ஊர் அலுவலக ஜன்னலில் தண்ணீர்க் கட்டணம் வாங்குகிறவள்.
மணி அடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடுவேன்.
பூட்ஸ் எனக்கு ஒன்றரை அளவு பெரிது.

ரயில்கள் ஊரின் நடுவே போகின்றன.
தொட்டி தொட்டியாக.
உள்ளே என்ன என்று கேட்டால்
வருடத்துக்கொரு கடிதம் வரும்,
'ரகசியம்' என்று முத்திரை குத்தி,
போன வருடத்துச் சரக்கைப் பட்டியலிட்டு.

முந்தைய ஏப்ரலில்
ஒன்பதாம் சாலையில் உரத்தொட்டி ஒன்று புரண்டது.
வெள்ளையாக ஏதோ
தரையை ஒட்டி நடந்து வந்தது.
மூடுபனி என்றோம்.
ஆழம் தெரியாமல் காலை விட்டோம்;
ஆழம் காற்றில் இருந்தது.
லோவெல் வண்டியை நேரே உள்ளே விட்டான்.
பத்தடியில் எஞ்சின் மூச்சு நின்றது,
அப்புறம் அவனுக்கு.

பிழைத்துக்கொண்டான்.
காபிக் கடையில் இப்போது
வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுகிறான்.
பேருந்தை வேறொருவன் ஓட்டுகிறான்.

இறப்பு எண்ணிக்கை, என்றது படிவம்.
சைபர் போட்டேன்.
சைபருக்கு மதிப்பெண் குறைவாம்,
போன தடவை நிராகரித்தபோது
தொலைபேசியில் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.
எழுதி அழித்து எழுதி
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தினேன்.
மீதி இரண்டு எழுத்தில்
லோவெலின் குரலை எப்படி எழுதுவது?

ஊர்ப்பங்கு ஐந்து சதவீதம் கட்ட வேண்டும் என்றார்கள்.
நிலையத்து வாசலில் ஞாயிறு காலை பான்கேக் சுட்டோம்.
மரிசெலா கொண்டுவந்த தமாலே
பான்கேக்குக்கு முன்பே தீர்ந்துபோனது.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்,
சில்லறையாக ஒரு ஹெல்மெட் நிறைய.

செப்டம்பரில் கடிதம்:
எட்டுப் பேருக்கு அனுமதி.
பதினோரு பேரில் எட்டு.
சீட்டுப் போட வேண்டிய அவசியமே வரவில்லை.
மூன்று பேருக்கு முதலாளிகள் லீவு தரவில்லை.
மரிசெலாவுக்கும் தரவில்லை.
அவள் ஷிப்ட் முடித்து, தூங்காமல் வந்தாள்,
தலைமுடியில் ஆலைக் குளிர் இன்னும் இருந்தது.

பயிற்சியாளர் முதலில் சொன்னது:
ஓடாதீர்கள்.
எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

தொலைநோக்கியில் பலகை எண்ணைப் படி.
ஆரஞ்சுப் புத்தகத்தில் அதைத் தேடு.
காற்றைக் கேட்டுவிட்டுக் காலெடு.
ஆயிரத்து ஐந்து என்றால் அம்மோனியா.
பின்வரிசையில் லோவெல்
அந்த எண்ணைத் தாளில் எழுதி
அடிக்கோடிட்டான். இருமுறை.

பிறகு கையை நீட்டச் சொன்னார்,
கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி.
விபத்து முழுக்க விரலுக்குப் பின்னால் மறைகிறதா?
மறையாவிட்டால்
நீ இன்னும் கிட்டத்தில் நிற்கிறாய்.
பின்னால் போ.

அன்று இரவு
சமையலறை ஜன்னலில் நின்று நீட்டிப் பார்த்தேன்.
சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.
ஒரு தொட்டியைக்கூட மறைக்கவில்லை விரல்.
தெருமுனைக்குப் போனேன்.
தானியக் கிடங்கைத் தாண்டினேன்.
கல்லறைத் தோட்டத்து மேட்டில்
காரை நிறுத்தி இறங்கினேன்.

அங்கிருந்து மறைந்தது
ரயில்.
கூடவே பள்ளிக்கூடம், ஆலை,
விளக்கெரியும் என் சமையலறை,
மரிசெலா இந்நேரம் தூங்கும் வீடு.

கையை இறக்கவில்லை.
காற்று எந்தப் பக்கம் என்று
மறு கையில் புல்லைக் கிள்ளி
விட்டுப் பார்த்தேன்.